எச்.பி.வி. தொண்டைப் புற்று: எந்தச் சோதனையை நம்பி எந்த முடிவை எடுப்பது?

டான்சிலிலோ நாக்கின் அடிப்பகுதியிலோ புற்றுநோய், காரணம் எச்.பி.வி. வைரஸ் என்று அறிக்கை வந்தால், மருத்துவர் சொல்லும் முதல் ஆறுதல் "இருப்பதிலேயே நல்ல வகை இது" என்பதுதான். அது உண்மை. 2010ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள், எச்.பி.வி. உள்ளவர்களில் 82.4 சதவீதம், இல்லாதவர்களில் 57.1 சதவீதம். ஒரே இடத்தில் வரும் இரண்டு நோய்களுக்கு நடுவே இவ்வளவு வித்தியாசம்.

ஆனால் இந்த நல்ல வகையிலும் 10 முதல் 25 சதவீதம் பேருக்கு நோய் திரும்புகிறது. யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மற்றவர்களுக்குச் சிகிச்சையின் கடுமையைக் குறைக்கலாம், இவர்களை இன்னும் கவனமாகப் பார்க்கலாம். இந்த ஆசையிலிருந்துதான் இன்று நோயாளியின் முன் வைக்கப்படும் தேர்வுகள் எல்லாம் பிறக்கின்றன: பி16 சோதனை போதுமா, வைரஸையே தேட வேண்டுமா, முழு டோஸா, குறைந்த டோஸா, கட்டியின் பல மரபணுக்களை ஒன்றாக வாசிக்கும் மரபணு பேனல் எடுப்பதா, வேண்டாமா, சிகிச்சை முடிந்த பிறகு ஸ்கேனா, ரத்தப் பரிசோதனையா. எல்லாவற்றுக்கும் பணம் செலவாகும், சிலவற்றுக்கு நாட்களும் செலவாகும். எதற்குச் செலவழித்தால் முடிவு உண்மையிலேயே மாறும் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

அதற்கு முன் ஒரு விஷயம். இந்த வைரஸ் பெரும்பாலும் வாய்வழி உறவில் பரவுவது என்பதால், அறிக்கை வந்த அன்றே கணவன் மனைவிக்குள் சந்தேகம் புகுந்துவிடுகிறது. தொற்று ஏற்பட்டு அது புற்றாக மாறப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பெரும்பாலானோருக்குத் தொற்று வந்த சுவடே தெரியாமல் போய்விடும். இன்றைய நடத்தையைப் பற்றி இந்த அறிக்கை எதையும் சொல்வதில்லை. நோயோடு போராட வேண்டிய நேரத்தில் இதையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம்.

சரி, இந்த வகை ஏன் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது? புகையிலையால் வரும் புற்றில் செல்லின் காவல் மரபணுவான டிபி53 பெரும்பாலும் பழுதாகியிருக்கும். எச்.பி.வி. புற்றில் அந்த மரபணு பொதுவாகப் பழுதாவதில்லை. வைரஸின் இ6 புரதம், டிபி53 உருவாக்கும் பி53 புரதத்தை உருவாக உருவாக அழிக்கிறது. இ7 புரதம், ஆர்.பி. என்ற இன்னொரு காவல் புரதத்தை முடக்குகிறது. ஆக, வைரஸ் நடத்தும் புற்றில் செல்லின் சொந்த மரபணுக்களில் சேதம் குறைவு. கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் அது எளிதாகப் பணிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

இதையே திருப்பிப் பார்த்தால் திரும்பி வரும் நோயும் கொஞ்சம் புரியும். எச்.பி.வி. தொண்டைப் புற்றில் திரும்பியவற்றையும் திரும்பாதவற்றையும் மரபணு அளவில் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018ல் வெளிவந்தது. திரும்பிய கட்டிகளின் மரபணுப் பிறழ்வுகள், வைரஸ் சம்பந்தமில்லாத தலை, கழுத்துப் புற்றுகளின் பிறழ்வுகளோடு ஒத்திருந்தன. வைரஸ் தொடங்கி வைத்த நோய், போகப்போகத் தன் சொந்தப் பிறழ்வுகளின் பலத்தில் நடக்க ஆரம்பிக்கிறது என்று இதை வாசிக்கலாம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் திசையைக் காட்டுகிறது.

பி16 மட்டுமா, வைரஸ் டி.என்.ஏ.வுமா?

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டையும் கேளுங்கள்.

பி16 என்பது பயாப்ஸி துண்டில் செய்யும் சாயச் சோதனை. இ7 புரதம் ஆர்.பி.யை முடக்கும்போது செல்லுக்குள் பி16 என்ற புரதம் குவிகிறது. கண்ணாடித் தகட்டில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட புற்று செல்களில், உட்கருவிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் அழுத்தமான பழுப்பு நிறம் ஏறியிருந்தால் பாசிட்டிவ். செலவு குறைவு, பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் செய்வார்கள். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச நிலைப் பிரிப்பு முறையே பி16 பாசிட்டிவ் நோய்க்குத் தனி அட்டவணை வைத்திருக்கிறது.

குறை என்னவென்றால், பி16 வைரஸின் நிழல்தான். வைரஸ் இல்லாமலும் பி16 ஏறலாம். 2023ல் வெளியான பன்னாட்டு ஆய்வு 7,654 நோயாளிகளின் தரவைத் திரட்டியது. அவர்களில் 9.2 சதவீதம் பேருக்கு பி16 ஒன்றும் வைரஸ் சோதனை வேறொன்றும் சொன்னது. ஐந்தாண்டு உயிர் பிழைப்பைப் பாருங்கள்: இரண்டும் பாசிட்டிவ் என்றால் 81.1 சதவீதம். பி16 பாசிட்டிவ், வைரஸ் இல்லை என்றால் 54.7. பி16 நெகட்டிவ், வைரஸ் உண்டு என்றால் 53.2. இரண்டுமே நெகட்டிவ் என்றால் 40.4. பி16 மட்டும் பார்த்து "நல்ல வகை" என்று சொல்லப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் நடுத்தர ஆபத்தில் இருக்கிறார்கள்.

நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம். தொண்டைப் புற்றில் எச்.பி.வி.யின் பங்கு எங்கே குறைவோ, அங்கே இந்த முரண்பாடு அதிகம் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் பெரும்பான்மையான தொண்டைப் புற்றுகளுக்கு எச்.பி.வி. காரணம். இந்தியாவில் இன்னமும் புகையிலைதான் முதல் காரணம். அங்கே பி16 மட்டும் போதும் என்று எழுதிய வழிகாட்டலை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. புகைப்பவர், புகையிலை மெல்பவர், பி16 பாசிட்டிவ் என்று வந்தால், வைரஸ் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. சோதனை இல்லாமல் சிகிச்சையில் எந்தக் குறைப்புக்கும் சம்மதிக்காதீர்கள்.

முழு டோஸா, குறைத்த டோஸா?

இதுதான் கடினமான தேர்வு. ஆய்வுகளும் அதிகம், ஆசையும் அதிகம்.

வழக்கமான சிகிச்சை என்பது 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரம், கூடவே சிஸ்பிளாட்டின் கீமோ. முகத்துக்கு அச்செடுத்த பிளாஸ்டிக் முகமூடியை மேசையோடு பூட்டித் தலை அசையாமல் படுக்க வைப்பார்கள். மூன்றாவது வாரத்தில் எச்சில் கெட்டியாகும், ருசி போகும், இட்லியைக்கூடப் பாலில் கரைத்து விழுங்க வேண்டி வரும். சிலருக்கு மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் தேவைப்படும். சிஸ்பிளாட்டின் காது கேட்கும் திறனையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வாய் உலர்வதும் விழுங்கச் சிரமப்படுவதும் ஆண்டுக்கணக்கில் தொடரலாம். ஐம்பது வயதில் நோய் வந்து, குணமாகி, இன்னும் முப்பது ஆண்டு வாழப்போகிறவருக்கு இது சின்ன விலை இல்லை. அதனால் சிகிச்சையைக் குறைக்க நினைத்த மருத்துவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

முதலில் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடுக்ஸிமாப் என்ற, புற்று செல்லைக் குறிவைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018ல் ஒன்றாக வெளியாயின. பக்கவிளைவு குறையும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை, உயிர் பிழைப்பும் சரிந்தது. ஐரோப்பிய ஆய்வில் இரண்டாண்டு உயிர் பிழைப்பு சிஸ்பிளாட்டினோடு 97.5 சதவீதம், செடுக்ஸிமாபோடு 89.4. அமெரிக்க ஆய்வில் ஐந்தாண்டுக் கணக்கு 84.6க்கு 77.9. சிஸ்பிளாட்டின் உடலுக்கு ஒத்துவரும் ஒருவருக்கு "மென்மையான மருந்து" என்று செடுக்ஸிமாபைச் சொன்னால், இந்த எண்களைக் காட்டிக் காரணம் கேளுங்கள்.

அடுத்து கதிர்வீச்சைக் குறைத்தார்கள். 2021ல் வெளியான எச்.என்.002 ஆய்வில் 60 கிரேவும் வாராந்திர சிஸ்பிளாட்டினும் பெற்றவர்களில் 90.5 சதவீதம் பேர் இரண்டாண்டு முடிவில் நோய் முற்றாமலும் திரும்பாமலும் உயிரோடு இருந்தார்கள். நல்ல எண்ணாகத்தான் தெரிந்தது, பலரும் நம்பிக்கை வைத்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் 70 கிரே பெற்ற குழு பக்கத்தில் இல்லை. எச்.என்.005 ஆய்வு அந்தக் குழுவைச் சேர்த்தது. அதிகம் புகைக்காத, நோய் பெரிதாகப் பரவாத நோயாளிகள். ஆபத்து குறைவு என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 2024ல் முடிவு அறிவிக்கப்பட்டபோது 60 கிரேவுடன் சிஸ்பிளாட்டின் பெற்றவர்களின் இரண்டாண்டு எண் 88.6, 60 கிரேவுடன் நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து பெற்றவர்களுடையது 90.3. இரண்டும் எதிர்பார்த்த அளவுக்குப் பக்கத்தில்தான். 70 கிரே குழுவின் எண்ணோ 98.1. பழைய சிகிச்சை இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வரை யாரும் சரியாக அளந்திருக்கவில்லை.

என் தீர்ப்பு இதுதான்: ஆய்வுக்கு வெளியே, வழக்கமான மருத்துவமனையில், கீமோ-கதிர்வீச்சுதான் சிகிச்சை என்று முடிவானால் முழு டோஸையே தேர்ந்தெடுங்கள். பக்கவிளைவைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. எச்சில் சுரப்பிகளைத் தவிர்த்துக் குறிவைக்கும் ஐ.எம்.ஆர்.டி. கதிர்வீச்சு, முதல் நாளிலிருந்தே விழுங்கும் பயிற்சி, தொடங்கும் முன் பல் பரிசோதனை. இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

அறுவை சிகிச்சை வழி வேறு. வாய் வழியாக ரோபோ கொண்டு கட்டியை எடுத்து, கழுத்து நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) நீக்கிய பிறகு, நடுத்தர ஆபத்து உள்ளவர்களுக்கு 50 கிரே, 60 கிரே இரண்டையும் அமெரிக்காவின் இ3311 ஆய்வு பார்த்தது. நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தவர்களின் இரண்டாண்டு எண்கள் முறையே 94.9, 96.0. கதிர்வீச்சைக் குறைக்க வேண்டும் என்பதுதான் ஒருவரின் முதல் விருப்பம் என்றால், இன்றைக்கு இந்தப் பாதையில்தான் கொஞ்சம் உறுதியான தரை இருக்கிறது. ஆனால் அதற்குக் கைதேர்ந்த அறுவை மருத்துவர் வேண்டும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆரேட்டர்2 ஆய்வு, அறுவைக் குழுவில் சிகிச்சையாலேயே இருவர் இறந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. "இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?" என்று மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

மரபணு பேனல்: தொடக்கத்தில் எதற்கு உதவும்?

ஒரு பேனல் அறிக்கை கையில் கிடைத்தால் அதில் இப்படி ஒரு வரி இருக்கக்கூடும்: பி.ஐ.கே.3.சி.ஏ., இ545கே, 18 சதவீதம். முதலாவது மரபணுவின் பெயர். இரண்டாவது, அது உருவாக்கும் புரதத்தின் 545ஆவது இடத்தில் குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் வந்திருக்கிறது என்று பொருள். மூன்றாவது, அந்த இடத்தை வாசித்த டி.என்.ஏ. துண்டுகளில் நூற்றுக்குப் பதினெட்டில் இந்த மாற்றம் இருந்தது என்பது. நோயின் கடுமையை அளக்கும் எண் அல்ல இது. துண்டில் நல்ல செல்கள் எவ்வளவு கலந்திருந்தன என்பதைப் பொறுத்தும் மாறும். இந்தப் பிறழ்வு கட்டிக்குள் உருவானது. பிள்ளைகளுக்குப் போகாது.

எச்.பி.வி. தொண்டைப் புற்றில் மிக அதிகமாகத் தென்படும் பிறழ்வுகளில் இது ஒன்று. வந்த விதம் வியப்பானது. வைரஸ்களை ஒழிக்க நம் செல்கள் வைத்திருக்கும் அபோபெக் என்ற நொதிகள் வைரஸின் டி.என்.ஏ. எழுத்துகளை மாற்றிக் கெடுக்கும் முயற்சியில் நம்முடைய டி.என்.ஏ.வையும் மாற்றிவிடுகின்றன. பி.ஐ.கே.3.சி.ஏ.வில் 542, 545 ஆகிய இடங்களில் விழும் பிறழ்வுகளில் அந்த நொதிகளின் கைரேகை இருக்கிறது.

இதை வைத்து முடிவெடுக்கலாமா? டோஸ் குறைத்த கீமோ-கதிர்வீச்சு பெற்ற நோயாளிகளிடம் வட கரோலினா குழு இதைப் பார்த்து 2020ல் வெளியிட்டது. இந்தப் பிறழ்வு இல்லாதவர்களில் மூன்றாண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் 93.4 சதவீதம், இருந்தவர்களில் 68.8. முழு டோஸ் பெற்றவர்களிடம் இதே தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. மறுபக்கம், டிராஃப்3, சி.ஒய்.எல்.டி. என்ற மரபணுக்களில் பழுது உள்ளவர்களுக்கு உயிர் பிழைப்பு மேலாக இருந்ததாக 2017ல் யேல் பல்கலைக்கழகக் குழு எழுதியது. நம்பிக்கை தரும் குறிப்பு, ஆனால் அதைப் பார்த்துச் சிகிச்சையைக் குறைக்கும் கட்டத்துக்கு யாரும் வரவில்லை.

ஆகவே தொடக்கத்தில் பேனல் ஒரு பிரேக்காக மட்டும் பயன்படும். யாராவது குறைப்பு சிகிச்சை ஆய்வில் சேரப்போகிறார் என்றால் பி.ஐ.கே.3.சி.ஏ. பார்த்துவிட்டுச் சேருவது நல்லது. பிறழ்வு இருந்தால் நான் குறைப்புக்குப் போகச் சொல்லமாட்டேன். முழு டோஸ் சிகிச்சைதான் முடிவு என்றால், பேனல் இன்றைக்கு எதையும் மாற்றாது. அந்தப் பணத்தைச் சத்துணவுக்கும் பல் சிகிச்சைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பேனலைவிட மலிவாக, அதைவிட அதிகம் பேசும் தகவல் ஒன்று இருக்கிறது: புகைப்பழக்கம். நான் முதலில் சொன்ன 2010 ஆய்வில், தினம் இருபது சிகரெட் வீதம் பத்தாண்டு என்ற அளவைத் தாண்டியதும், நோய் கழுத்து நெறிகளுக்கு அதிகம் பரவிய எச்.பி.வி. நோயாளிகள் நடுத்தர ஆபத்துக்குத் தள்ளப்பட்டார்கள். மூன்றாண்டு உயிர் பிழைப்பு குறைந்த ஆபத்துக் குழுவில் 93 சதவீதம், நடுத்தரக் குழுவில் 70.8. மருத்துவர் கேட்கும்போது வீட்டார் பக்கத்தில் இருக்கிறார்களே என்று குறைத்துச் சொல்லாதீர்கள். பீடியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெல்லும் புகையிலை இந்தக் கணக்கில் வராது, ஆனால் அதையும் சொல்லியாக வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்: ஸ்கேனா, ரத்தமா?

சிகிச்சை முடிந்து 12 வாரத்தில் ஒரு பெட்-சி.டி. எடுப்பது உறுதியான நடைமுறை. 564 பேரைச் சேர்த்து 2016ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், இந்த ஸ்கேனை நம்பிக் கழுத்து அறுவையைத் தவிர்த்தவர்கள், திட்டமிட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கு எந்த விதத்திலும் குறையாமல் வாழ்ந்தார்கள். 12 வாரத்துக்கு முன்பே அவசரப்பட்டு எடுத்தால், ஆறிக்கொண்டிருக்கும் திசுவும் ஒளிர்ந்து குழப்பும்.

அதற்குப் பிறகுதான் கேள்வி. ரத்தத்தில் மிதக்கும் எச்.பி.வி. டி.என்.ஏ. துணுக்குகளை எண்ணும் சோதனை வந்திருக்கிறது. 115 பேரைத் தொடர்ந்து பார்த்த 2020 ஆய்வில், ரத்தம் தொடர்ந்து சுத்தமாக இருந்த 87 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. 28 பேருக்கு எப்போதாவது பாசிட்டிவ் வந்தது. இரண்டு முறை அடுத்தடுத்து பாசிட்டிவ் ஆன 16 பேரில் 15 பேருக்கு நோய் திரும்பியது பயாப்ஸியில் உறுதியானது. மரபணுப் பேனலால் சொல்ல முடியாததை இந்தச் சோதனை சொல்கிறது: இந்த ஆளுக்கு, இப்போது, நோய் இருக்கிறதா என்று.

இரண்டு எச்சரிக்கைகள். சிகிச்சை தொடங்கும் முன்பே ஒருமுறை ரத்தம் எடுத்து, அதில் வைரஸ் டி.என்.ஏ. தென்பட்டிருக்க வேண்டும். தொடக்கத்திலேயே தென்படாதவருக்குப் பின்னால் வரும் நெகட்டிவுக்கு மதிப்பில்லை. அப்புறம், ஒரே ஒரு பாசிட்டிவைக் கண்டு யாரும் சிகிச்சை தொடங்கக் கூடாது; மறுபடி எடுத்து, ஸ்கேன் பார்த்து, முடிந்தால் பயாப்ஸி செய்ய வேண்டும். சீக்கிரம் கண்டுபிடிப்பதால் ஆயுள் கூடுகிறதா என்பதும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கிடைக்கும் இடத்தில், வசதி உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம். முடியாதவர்கள் முதல் இரண்டு ஆண்டு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் தவறாமல் போய்க் குழாய் கேமராவில் பார்த்துக்கொண்டால் பெரிய இழப்பு இல்லை. இந்த வகை சில சமயம் தாமதமாகவும் தொலைவிலும், குறிப்பாக நுரையீரலில், திரும்பும். அதனால் இரண்டாண்டு தாண்டியும் நீடிக்கும் இருமலை அலட்சியம் செய்யக் கூடாது.

திரும்பிவிட்டால்?

பேனலுக்கான நேரம் இப்போதுதான். அதுவும் பழைய பயாப்ஸியில் செய்வதைவிட, திரும்பிய கட்டியிலிருந்தே புதிதாகத் துண்டு எடுத்துச் செய்வது மேல். முதலில் இல்லாத பிறழ்வுகள் இப்போது இருக்கலாம். எச்.ராஸ் என்ற மரபணுவில் பிறழ்வு கிடைத்தால் டிபிஃபார்னிப் போன்ற மருந்துகளின் ஆய்வு, பி.ஐ.கே.3.சி.ஏ. பிறழ்வு கிடைத்தால் அது தூண்டும் வளர்ச்சிப் பாதையை அடைக்கும் மருந்துகளின் ஆய்வு என்று கதவுகள் திறக்கலாம். ஆனால் பேனலின் பதிலுக்காக, எடுக்கக்கூடிய கட்டியை எடுக்காமல் காத்திருக்க வேண்டாம். கழுத்தில் ஒரே இடத்தில், அல்லது நுரையீரலில் ஓரிரு முடிச்சுகளாக மட்டும் திரும்பியிருந்தால் அறுவையும் குறிவைத்த கதிர்வீச்சும்தான் முதல் பேச்சு. திரும்பிய பிறகும் எச்.பி.வி. வகைக்கு வாய்ப்பு மேல்: நோய் திரும்பியவர்களைப் பார்த்த 2014 ஆய்வில், இரண்டாண்டு உயிர் பிழைப்பு எச்.பி.வி. உள்ளவர்களுக்கு 54.6 சதவீதம், இல்லாதவர்களுக்கு 27.6. "திரும்பிவிட்டது, இனி ஒன்றும் இல்லை" என்ற பேச்சை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பரவிவிட்ட நோய்க்கு நோயெதிர்ப்பு மருந்து என்றால், பேனலுக்கு முன் பி.டி.-எல்1 (நோயெதிர்ப்பைத் தடுக்கும் ஒரு புரதம்) கட்டியில் எவ்வளவு என்று பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். பெம்ப்ரோலிஸுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைத் தருவதா, தனியாகத் தருவதா, கீமோவோடு தருவதா என்பது அதன் எண்ணைப் பொறுத்தது. அந்த மருந்தின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2023ல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை வழிக் கீமோவோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்ததும், ஓராண்டு உயிர் பிழைப்பு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் புகையிலை சார்ந்த நோயாளிகள், எச்.பி.வி.க்கான தனி விடை அதில் இல்லை. ஆனாலும் நோயெதிர்ப்பு மருந்தின் முழு டோஸுக்கு வழியில்லாத வீட்டில், மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய சிகிச்சை அது. கேட்கப் போகும்போது பழைய பயாப்ஸி பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு) மருத்துவமனையிலிருந்து வாங்கிக் கையில் வைத்திருங்கள். புதிதாகத் துண்டு எடுக்க முடியாமல் போனால் வைரஸ், பி.டி.-எல்1, மரபணு ஆகிய மூன்று சோதனைகளையும் அதிலிருந்துதான் செய்ய வேண்டியிருக்கும்.